பேசிப் பேசியே பயம் போகுமா?

சிங்கப்பூரின் பொங்கோலில் ரயில் ஏறி தோபி காட்டில் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வடக்கு-கிழக்கு ரயில் பாதை முழுக்கச் சுரங்கம். ஒருநாள் காலை நெரிசலில், சிராங்கூன் தாண்டியதும் அவருக்கு நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. ‘ஹார்ட் அட்டாக்தான், செத்துவிடப் போகிறேன்’ என்று தோன்றுகிறது. அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுகிறார். ஈசிஜி எடுத்துப் பார்த்தால் இதயத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் எம்ஆர்டி ரயில் பக்கமே போவதில்லை. வீட்டிலிருந்து சீக்கிரமே கிளம்பிப் பேருந்தில் போகிறார்.

மனநல ஆலோசகரைப் பார்க்கப் போகிறேன் என்று இவர் சொன்னால் வீட்டில் என்ன பதில் வரும்? “பேசுறதுக்குப் போய்க் காசா? என்கிட்ட பேசு, நான் சொல்றேன்.” அறிவுரைக்கு நம் வீடுகளில் என்றைக்குமே பஞ்சம் கிடையாது. அதே அறிவுரையைக் காசு வாங்கிக்கொண்டு சொல்வதுதான் கவுன்சலிங் என்று நினைப்பதால் வருகிற பதில் இது.

இவர் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் தரப்படுவது சிபிடி எனப்படும் சிந்தனை-நடத்தை சிகிச்சை. அதன் ஒரு வேர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக்கிடம் இருக்கிறது. ஃபிராய்டின் வழியில் பயிற்சி பெற்ற அவர், மனச்சோர்வு உள்ளவர்களின் மனத்தில் ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்பது போன்ற எண்ணங்கள் கேட்காமலே ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். ஆழ்மனத்தைத் தோண்டுவதைவிட இந்த எண்ணங்கள் உண்மைதானா என்று நோயாளியோடு சேர்ந்து சோதித்துப் பார்ப்பது பலன் தருகிறது என்று 1960களில் முடிவுக்கு வந்தார்.

திடீர்ப் பீதியை இந்தக் கோணத்திலிருந்து 1986இல் விளக்கியவர் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க். அவர் சொன்னது ஒரு சுழற்சி. உடலில் ஏதோ ஒரு சின்ன மாற்றம் வருகிறது. ராத்திரி தூக்கம் கெட்டிருக்கலாம், ஒரு கோப்பி கூடுதலாகப் போயிருக்கலாம். மனம் அதை ஆபத்து என்று படிக்கிறது. உடனே அட்ரினலின் சுரக்கிறது, இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது, ‘பார்த்தாயா, உண்மைதான்’ என்று பயம் கூடுகிறது. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்விடும்.

சரி, இதைப் புரிந்துகொண்டால் போதுமா? போதாது. ஆலோசகர் அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, ஓரிரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விடச் சொல்வார். தலை சுற்றும், விரல் மரக்கும். தேவைக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளையின் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும், தலைசுற்றல் அதனால்தான். ரயிலில் வந்த அதே அறிகுறிகள் இங்கே, ரயிலே இல்லாமல், அவரே வரவழைத்தவை. ‘இது நெஞ்சு வலி இல்லை, மூச்சு’ என்பதை அவர் உடம்பே சொல்லிவிடுகிறது. ஆயிரம் முறை ‘ஒன்றும் ஆகாது’ என்று சொன்னாலும் இந்த விளைவு வராது.

அப்புறம் ரயில். முதலில் கூட்டமில்லாத மதிய நேரத்தில் ஒரே ஒரு நிலையம். பிறகு மூன்று. பிறகு காலை எட்டு மணி நெரிசல். இந்தப் படிப்படியான முறையை 1958இல் பிரபலமாக்கியவர் மனநல மருத்துவர் ஜோசஃப் வோல்ப்பே. உடல் தளர்ந்த நிலையில் இருக்கும்போது அச்சத்தைச் சந்தித்தால் தளர்ச்சி அச்சத்தை அமுக்கிவிடும் என்று அவர் நம்பினார். இன்றைய விளக்கம் வேறு. பழைய பயம் அழிவதில்லை. ‘ஏறினேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்ற புது நினைவு அதன் பக்கத்திலேயே உருவாகி, அதோடு போட்டி போடுகிறது. அதனால்தான் குணமான பிறகும் எப்போதாவது பயம் எட்டிப் பார்க்கும். அதனால்தான் ஒரே நிலையத்தில் பழகாமல் வெவ்வேறு பாதைகளில், வெவ்வேறு நேரங்களில் பழகச் சொல்கிறார்கள்.

இதில் ஒரு குறும்பான இடையூறு உண்டு. அந்தப் பெண் கைப்பையில் கோடாலித் தைலம் வைத்திருக்கிறார், எப்போதும் கதவோரமாகவே நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை பத்திரமாகப் போய்ச் சேரும்போதும் பெயர் தைலத்துக்குப் போய்விடும். ‘நல்லவேளை, தைலம் இருந்தது!’ அதனால் ஒரு கட்டத்தில் ஆலோசகர், தைலத்தை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்வார். பல பேருக்கு ரயிலைவிட அதுதான் கஷ்டம்.

எல்லாத் துயரமும் இப்படிச் சோதனைக்கு உட்படாது. கணவரை இழந்தவரின் எண்ணத்தில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது? இங்கே அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் வழி உதவுகிறது. புரிந்துகொள்ளும் பரிவு, நிபந்தனையற்ற மதிப்பு, பாசாங்கில்லாமை ஆகியவை ஆலோசகரிடம் இருந்தால் மாற்றம் நிகழும் என்று அவர் 1957இல் எழுதினார். வந்தவர் சொன்னதை ஆலோசகர் தன் வார்த்தைகளில் திருப்பிச் சொல்கிறார். ‘உங்களுக்கு வருத்தத்தோடு கோபமும் இருக்கிறதோ?’ என்கிறார். வெறும் கேட்பு மாதிரிதான் தெரியும். ஆனால் 2007இல் மேத்யூ லீபர்மன் குழு நடத்திய மூளை ஸ்கேன் ஆய்வில், உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும்போது அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் இயக்கம் தணிவது தெரிந்தது.

குடியை விடாத மாமாவுக்கு வேறு உத்தி. உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய ஊக்க உரையாடல் முறையில், ‘குடியை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை?’ என்று கேட்பார்கள். அவர் ‘நாலு’ என்பார். நாமாக இருந்தால் ‘ஏன் வெறும் நாலு?’ என்று பாய்வோம். அவரும் குடிப்பதற்கான நியாயங்களை அடுக்குவார். ஆலோசகர் கேட்பது, ‘ஏன் ஒன்று இல்லை, நாலு?’ இப்போது விடுவதற்கான காரணங்களை மாமாவே தேடிச் சொல்லியாக வேண்டும். தன் வாயால் சொன்னதை மறுப்பது யாருக்கும் சிரமம்.

எது சிறந்தது என்ற சண்டை பழையது. வெவ்வேறு சிகிச்சைகள் ஏறக்குறைய ஒரே பலன் தருகின்றன, எல்லாவற்றுக்கும் பொதுவான அம்சங்களே காரணமாக இருக்கலாம் என்று உளவியலாளர் சால் ரோசன்சுவைக் 1936லேயே எழுதிவிட்டார். ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையிலான பிணைப்பு முக்கியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் பீதிக்கும், திரும்பத் திரும்பக் கை கழுவும் ஓசிடிக்கும், பயத்தை நேரில் சந்திக்கவைக்காமல் மாதக்கணக்கில் இதமாகப் பேசிக்கொண்டே இருப்பது நேர விரயம் என்பதே என் கருத்து.

சிங்கப்பூரில் இதற்கு நேராக மனநலக் கழகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பலதுறை மருந்தகத்திலோ வட்டாரக் குடும்ப சேவை நிலையத்திலோ தொடங்கலாம். பீட்டி சாலையில் இந்தியர்களுக்கான சுயஉதவி அமைப்பான சிண்டா இருக்கிறது. 2025இல் தொடங்கிய 1771 மனநலத் தொலைபேசிச் சேவை இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. தமிழில் பேசத்தான் வசதி என்றால் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். முதல் சந்திப்பில், ‘என்ன முறையைப் பயன்படுத்தப் போகிறீர்கள், வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும், எத்தனை வாரத்தில் மாற்றம் தெரிகிறதா என்று பார்ப்போம்?’ என்றும் கேட்கலாம். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆலோசகரைப் பார்ப்பதில் தப்பே இல்லை.