மீன் தீவனம் எடுக்கவில்லையா? முதலில் வலையைக் கீழே வையுங்கள்

போன வருடம் கார்த்திகை மழை விட்டு நாலைந்து நாள் கழித்து டெல்டா பக்கம் ஒரு விரால் பண்ணைக்குப் போயிருந்தேன். குளத்துக்காரர் கூப்பிட்டது சாவு தொடங்கிய பிறகுதான். கரையில் நடந்து போகும்போதே தெரிந்துவிட்டது. காற்று தள்ளிய மூலையில் மிதவைத் தீவனம் ஊறிப் பருத்து ஒரு முழ அகலத்துக்கு ஒதுங்கிக் கிடந்தது, பக்கத்தில் போனால் புளித்த நாற்றம். "எத்தனை நாளா எடுக்கலண்ணே?" என்று கேட்டேன். "ஒரு வாரமா கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுது சார். மழைக்கு அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். அப்புறம் சந்தேகமா இருந்துச்சு, வலை போட்டு எடை பாத்தேன். அதுக்கு மறுநாள்லேருந்துதான் சாவுது."

இந்தக் கடைசி வரியை நான் எத்தனையோ குளங்களில் கேட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான்.

விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். மேலே வந்து ஒரு மடக்கு காற்று எடுத்துக்கொண்டு சட்டென்று கீழே போய்விடும், அது அதன் இயல்பு. இந்தக் குளத்தில் மேலே வந்தவை கீழே போகவில்லை. தலையை நீட்டிக்கொண்டு, உடம்பு கறுத்து, கரையோர ஆழமில்லாத தண்ணீரில் நின்றன. நிழல் பட்டாலும் நகரவில்லை. ஒன்றைக் கையால் அள்ளிப் பார்த்தேன், வயிற்றோரம் பொட்டு அளவுக்குச் சிவப்பு, முதுகில் செதில் உதிர்ந்து சதை தெரிகிற புண். சிவப்புப் புண் நோய் என்று நாம் சொல்வது. பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிர் சதைக்குள் இறங்குவதால் வருவது. 1971இல் ஜப்பானில் முதலில் பதிவாகி, 1988இல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக இந்தியாவுக்கு வந்தது. மழைக்குப் பிறகு தண்ணீர் குளிரும்போதுதான் பெரும்பாலும் தாக்குகிறது, ஏனென்றால் அந்தக் குளிரில் கிருமி தாராளமாக வளரும், மீனின் எதிர்ப்புச் செல்களோ மந்தமாகிவிடும்.

நமக்குக் காய்ச்சல் வந்தால் உடம்பே சூட்டை ஏற்றிக்கொள்கிறது. மீனின் உடல் சூடு தண்ணீரின் சூடுதான், அதனால் அதுவாக ஏற்றிக்கொள்ள முடியாது. சரி, என்ன செய்யும்? சூடான தண்ணீரைத் தேடிப் போகும். 1976இல் அமெரிக்காவில் நன்னீர் மீன்களுக்குப் பாக்டீரியாவை ஊசியில் போட்டு, வெவ்வேறு சூட்டில் தண்ணீர் உள்ள தொட்டியில் விட்டபோது, அவை வழக்கமாக விரும்பும் சூட்டைவிட அதிகமான பக்கம் போய் நின்றன. பெல்ஜியத்தின் லீஜ் பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் அழுத்தமானது. கெண்டையைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் தொற்றிய மீன்களுக்கு 24, 28, 32 டிகிரி அறைகளுக்குள் போய்வர வழி விட்டார்கள். தொற்றியவை 32 டிகிரிக்குப் போய்ப் பிழைத்தன. 24 டிகிரியிலேயே அடைக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை செத்தன. அந்த வைரஸுக்கும் இது தெரியும் போல, மீன் சூட்டைத் தேடிப் போவதைத் தாமதப்படுத்த அதுவே ஒரு புரதத்தைச் சுரக்கிறது!

குளத்தில் வெயில் பட்டு முதலில் சூடாவது கரையோர ஆழமில்லாத தண்ணீர்தான். அதனால் அங்கே ஒதுங்கி நிற்கும் மீனைச் சோம்பேறி என்று நினைத்துக் கம்பால் விரட்டாதீர்கள். ஆக்சிஜன் குறைவாலும் ஒதுங்கும்தான். கெண்டை வகைகளில் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது: விடியற்காலையில் வாய் பிளந்து நின்று, வெயில் ஏறியதும் கலைந்துபோனால் காற்றுக் குறைவு. வெயில் ஏறியும் அங்கேயே நின்றால் நோயைச் சந்தேகியுங்கள்.

தீவனம் எடுக்காததும் இப்படித்தான். கிருமி உள்ளே வந்ததும் எதிர்ப்புச் செல்கள் அனுப்பும் சமிக்ஞை மூளைக்குப் போய்ப் பசியை அடக்குகிறது, நீந்துவது குறைகிறது, உள்ள சக்தியெல்லாம் சண்டைக்குப் போகிறது. வளர்ந்த மீன் சில நாள் பட்டினி தாங்கும். நாம்தான் பதறிப்போய் இன்னும் தீவனத்தைக் கொட்டுகிறோம், அது அழுகி அம்மோனியாவாகி செவுளை அரிக்கிறது.

இனி வலை விஷயம். மீனுக்கு எலும்பு மஜ்ஜை கிடையாது. அதன் ரத்த அணுக்கள் முக்கியமாக உருவாவது தலைக்குப் பின்னால் இருக்கும் தலைச்சிறுநீரகத்தில். பதற்றத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கும் செல்களும் அதே திசுவுக்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன. வலை இழுத்து, கூடையில் அள்ளி, தராசில் போட்டுத் திருப்பி விட்டால், கார்ட்டிசால் ஏறி எதிர்ப்புச் செல்களை அடக்குகிறது. கூடவே மேல்தோலின் வழுவழுப்பும் உரிகிறது. அது வெறும் வழுவழுப்பு இல்லை, கிருமியை அழிக்கும் நொதிகளும் எதிர்ப்புப் புரதங்களும் நிறைந்த முதல் அரண். உரிந்த இடத்தில் கிருமி நேராக இறங்கும். அந்தப் பண்ணையில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று கேட்டார். கடையில் ஏற்கெனவே வாங்கியும் வைத்திருந்தார். வேண்டாம் என்றேன். இந்தக் கிருமி பாக்டீரியா இல்லை, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது, வைரஸையும் தொடாது. வீட்டுத் தொட்டி மீனுக்கு ஒட்டுண்ணியால் வெண்புள்ளி நோய் வந்தாலும் அப்படித்தான், ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருக்கும்வரை தண்ணீரில் ஊற்றும் மருந்து அதை எட்டாது, வெளியே வந்து நீந்தும்போதுதான் பிடிக்க முடியும், அதனால்தான் ஒருநாள் ஊற்றிவிட்டு விடக்கூடாது என்கிறோம்.

ஒதுங்கிய தீவனத்தை அள்ளச் சொன்னேன், தீவனத்தை நிறுத்தினோம், தண்ணீரின் பிஎச் (அமிலம், காரம் காட்டும் அளவு) பார்த்துச் சுண்ணாம்பு விட்டோம், செத்தவற்றைக் கரையிலிருந்து தள்ளிப் புதைத்தோம். வெளித்தண்ணீர் வரும் மடையை அடைத்தோம். கணிசமான மீன் போய்விட்டது, மறைக்க ஒன்றுமில்லை. மீதிக்கு வெயில் திரும்பிய பிறகு புண் ஆறத் தொடங்கியது.

இந்த வருடம் ஐப்பசியில் அவரே போன் செய்தார். "சார், ரெண்டு வேளையா தீவனம் மூலைல ஒதுங்குது. நிறுத்திட்டேன். வலை போடல. எப்ப வர்றீங்க?"