கிளாசிக்கல்தானே மேடம், யார் கேட்கப் போறாங்க?

மேற்கத்திய கிளாசிக்கல் மெட்டை எடுத்துப் பாட்டுப் போட்டுவிட்டு என்னிடம் ஆலோசனை கேட்டு வருபவர்களில், இந்த மாதத்தில் இது நான்காவது ஆள். பாட்டு முடிந்து வெளியாகியிருக்கும், உரிமை கோரி மின்னஞ்சல் வந்திருக்கும், வாயில் அதே வசனம்: "அது கிளாசிக்கல் மியூசிக் மேடம், அதுக்கு ஏது காப்புரிமை?" முதலில் அந்தச் சொல்லை விடுங்கள். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்கு, அதாவது பேட்டன்ட். பாட்டுக்கு இருப்பது பதிப்புரிமை. பத்திரிகைக்காரர்களே திருந்தவில்லை, உங்களைச் சொல்லி என்ன.

இந்தத் தம்பி நல்ல இசைக்காரர். அமெரிக்கப் பாப் பாடகர் எரிக் கார்மனின் 'ஆல் பை மைசெல்ஃப்' பாட்டு, ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவிலிருந்து (பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் பெரிய படைப்பு) பிறந்தது என்று எங்கோ படித்திருக்கிறார். ராக்மனினோவ் இறந்தது 1943, நம் சட்டப்படி அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம், ஆக 2003 முடிவோடு தீர்ந்தது என்று கணக்கும் போட்டிருக்கிறார். கணக்கு சரி. அந்தத் தைரியத்தில் கோரஸ், அதாவது பல்லவி மெட்டைத் தூக்கி அதன்மேல் தமிழ் வரி எழுதிவிட்டார்.

கோரஸ்! அதுதான் ராக்மனினோவுடையது இல்லையே. கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியில் பியானோ மெல்ல அலைந்துகொண்டிருக்க, புல்லாங்குழல் தொடங்கிக் கிளாரினெட் வாங்கிக்கொள்ளும் ஒரு மெட்டு வரும், அதுதான் பாட்டின் வெர்ஸ், அதாவது சரணம் ஆனது. கோரஸ், கார்மன் தன் பழைய ராஸ்பெரீஸ் குழுவுக்காக எழுதிய 'லெட்ஸ் ப்ரிடெண்ட்' பாட்டிலிருந்து தானே எடுத்துக்கொண்டது. அவர் காலமானது 2024இல். அப்படியென்றால் இங்கே இன்னும் பல பத்தாண்டுகளுக்கு அதைத் தொட முடியாது. தம்பி கான்செர்ட்டோவை ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை, பாப் பாட்டைக் கேட்டுவிட்டு ராக்மனினோவ் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதில் வேடிக்கை, கார்மனே இதே குழியில் விழுந்தவர்தான். 1975இல் பாட்டு வந்தபோது ராக்மனினோவ் மெட்டுக்கு உரிமையாளர் இல்லை என்று நம்பினார், அமெரிக்காவில் அது உண்மையும்கூட. ஆனால் ஐரோப்பாவின் பல நாடுகளில் அன்றைக்கு இறந்த பின் 50 வருஷம் உரிமை உண்டு, ராக்மனினோவ் இறந்து 32 வருஷம்தான் ஆகியிருந்தது. வாரிசுகள் தரப்பு வந்து நின்றது, ராயல்டியில் 12 சதவீதம் கொடுக்க வேண்டியதாயிற்று. பாப் பாடகர் பாரி மனிலோவின் 'குட் இட் பி மேஜிக்' பாட்டுக்கு இந்தத் தலைவலி இல்லை, ஏனென்றால் அதன் மூலமான சி மைனர் பிரலூடை (ஒரு சிறிய பியானோ இசைத்துண்டு) எழுதிய இசையமைப்பாளர் ஷோபன் 1849லேயே போய்விட்டார். ஆக, "கிளாசிக்கல்" என்று சட்டத்தில் ஒரு சலுகையும் கிடையாது. யார் எழுதினார், எப்போது இறந்தார், எந்த நாட்டில் வெளியிடுகிறீர்கள், இதுதான் கேள்வி.

ஷோபன் பழையவர் என்பதால் அவர் இசையைப் பியானோவில் நேற்று வாசித்தவரின் பதிவும் பழையதாகிவிடாது. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை, இங்கே வெளியான மறுவருஷத்திலிருந்து 60 ஆண்டு. எட்டு விநாடி வரை எடுக்கலாம் என்று யார்தான் கிளப்பிவிட்டார்களோ, அப்படி ஒரு விதியே இல்லை. கீழே "நன்றி" போடுவது நல்ல பழக்கம், ஆனால் அது அனுமதி ஆகாது.

மூலத்தைத் தேடிக் கேளுங்கள். பழைய பதிப்பு நொட்டேஷனை எடுத்து, எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை எடுத்தீர்கள் என்று தேதி போட்டுக் குறித்து வையுங்கள். நீங்களே வாசியுங்கள், இல்லை காசு கொடுத்து வாசிக்கச் சொல்லி அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். புதிதாக யாராவது அரேஞ்ச் செய்ததைத் தொடாதீர்கள். பாட்டு இணையத்தில் போனால் வெளிநாட்டிலும் போகும், அந்தக் கணக்கையும் பாருங்கள்.

அப்புறம், தயவுசெய்து மெட்டு மட்டும் கையில் இருக்கும்போதே வாருங்கள். அரை மணி நேர வேலை அது. வெளியீட்டுக்கு முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு "ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?" என்று கேட்காதீர்கள்.