பொரிவா, விளைச்சலா: பாப்கார்ன் ரகங்கள் உருவாகும் விதம்

30 கிராம் பாப்கார்ன் விதையைத் துல்லியமாக எடை போட்டு, பழுப்பு நிறக் கிராஃப்ட் காகிதப் பையில் போட்டு வாயை மடித்து, 1000 வாட் மைக்ரோவேவில் ஏறக்குறைய 3 நிமிடம் வைக்கிறார்கள். பொரிந்ததை 2000 மில்லிலிட்டர் அளவு உருளையில் கொட்டுகிறார்கள். 1200 என்ற கோடு வரை வந்தால் அந்தச் செடியின் பொரிவுத் திறன் கிராமுக்கு 40 மில்லிலிட்டர். 600 தான் வந்தால் 20. பிரேசில் ஆராய்ச்சி நிலையங்களில் நடக்கும் சோதனை இது. அமெரிக்கத் தொழில்துறை இதையே 250 கிராம் விதையோடு, இதற்கென்றே செய்த இயந்திரத்தில் செய்கிறது. கடைக்கு வரும் நல்ல வீரிய ஒட்டு ரகங்கள் 40-ஐத் தாண்டுகின்றன. கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளத்தை அதே பையில் போட்டால் மணிகள் கருகும், சில வெடிப்பு விடும், அவ்வளவுதான்.

பாப்கார்ன் ஆராய்ச்சியில் எல்லாமே கடைசியில் இந்த எண்ணிடம்தான் வந்து நிற்கிறது. அதிக விளைச்சல், நோய் எதிர்ப்பு, சாயாத தண்டு, நல்ல புரதம் என்று எதைக் கொண்டுவந்தாலும் உருளையில் எண் விழுந்துவிட்டால் அந்தச் செடி பாப்கார்ன் அல்ல.

மணிக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கண்டிப்பு புரியும். பாப்கார்ன் மணியின் உள்ளே, முளைக்கு உணவாக இருக்கும் கருவூணில் பெரும்பகுதி கண்ணாடி போன்றது. மாவுமணிகள் புரதத்தோடு இறுக ஒட்டி, இடையே காற்றிடமே இல்லாமல் நெருங்கியிருக்கும். நடுவில் மட்டும் சிறிதளவு மென்மையான மாவு. வெளியே தடித்த கனித்தோல். சூடேறும்போது உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் 100 டிகிரியைக் கடந்தும் நீராகவே அடைபட்டுக் கிடக்கிறது. அது மாவைக் கூழாக்கி உருக்குகிறது. சுமார் 180 டிகிரி செல்சியஸில் உள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் ஏறக்குறைய 9 மடங்காகிறது, தோல் கிழிகிறது. அழுத்தம் சட்டென்று விழ, நீர் ஆவியாகிக் கூழை நுரையாக ஊதுகிறது. ஊதிய வேகத்தில் அது குளிர்ந்து இறுகிவிடுகிறது. நாம் தின்பது அந்த நுரையை. மென்மையான மாவுப் பகுதியில் மாவுமணிகளுக்கு இடையே வெற்றிடம் உண்டு. நீராவி அந்த இடுக்குக்குள் பிதுங்கிவிடுவதால் நுரை எழும்புவதில்லை. அதனால் கண்ணாடிப் பகுதி எவ்வளவு கூடுதலோ பொரி அவ்வளவு பெரிது.

ஈரப்பதம் 13 முதல் 14.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் அழுத்தம் போதாது. கூடினால் தோல் முன்கூட்டியே கிழிந்து பொரி சிறுத்துக் கெட்டியாகும். நாள்பட்ட விதை பொரியாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், அதைச் சரிசெய்யவும் முடியும். 11 சதவீதத்துக்கு உலர்ந்த 1 கிலோ விதையில் உலர்பொருள் 890 கிராம். அது 86 சதவீதமாக இருக்க மொத்தம் 1035 கிராம் வேண்டும். ஆக, 35 மில்லிலிட்டர் தண்ணீர். காற்றுப் புகாத ஜாடியில் விதையோடு ஊற்றி, நன்றாகக் குலுக்கி, சில நாள் அவ்வப்போது குலுக்கிக்கொண்டே வைத்தால் ஈரம் சமமாகப் பரவும். ஆனால் அறுவடைக்குப் பின் அதிகச் சூட்டில் அவசரமாக உலர்த்திய விதைக்கு இந்த வைத்தியம் பலிக்காது. கருவூணில் மயிரிழை வெடிப்புகள் விழுந்திருக்கும், கதிரடிக்கும்போது தோலும் சிராய்ந்திருக்கும். ஆவி கசியும் பாத்திரத்தில் அழுத்தம் எங்கே ஏறும்?

தோலிலும் மரபு வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 14 ரகங்களை ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பொரியாமல் அடியில் தங்கிய மணிகள் ரகத்துக்கு ரகம் 4 முதல் 47 சதவீதம் வரை மாறின. குறைவாகத் தங்கிய ரகங்களின் தோலில் செல்லுலோஸ் சூடேறும்போது கூடுதலாகப் படிகமாகி, ஈரத்தைத் தடுக்கும் சுவராக நின்றது. கிண்ணத்தின் அடியில் கிடந்து பல்லைப் பதம் பார்க்கும் மணியில் சமையல்காரரின் தவறு மட்டும் இல்லை, விதையின் பரம்பரையும் இருக்கிறது.

இனி இழுபறிக்கு வருவோம். பாப்கார்ன் ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கண்டுவரும் உண்மை, விளைச்சலும் பொரிவும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன என்பது. மணி பெருத்தால் எடை கூடும், ஆனால் பெருத்த மணியின் நடுவில் மென்மாவும் கூடும். வணிகத்தில் 10 கிராமில் எத்தனை மணி என்று எண்ணித் தரம் பிரிக்கிறார்கள்: 52 முதல் 67 வரை பெரிது, 68 முதல் 75 வரை நடுத்தரம், 76 முதல் 105 வரை சிறியது.

அதோடு, இரண்டு குணங்களும் மரபில் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. விளைச்சலில் ஒட்டு வீரியம் வேலை செய்யும். தன் மகரந்தத்தாலேயே பல தலைமுறை கலந்து மெலிந்த இரண்டு தற்கலப்பு வரிசைகளைக் கலந்தாலும் பிறக்கும் ஒட்டுச் செடி இருவரையும் மிஞ்சி விளையும். பொரிவுத் திறன் அப்படியல்ல. அதை ஆளும் மரபணுக்களின் விளைவு பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும் வகை. பிள்ளை ஏறக்குறைய பெற்றோரின் சராசரியில் நிற்கும். தாய் 40, தந்தை 20 என்றால் ஒட்டு 30-ஐ ஒட்டித்தான் வரும். ஆகவே பெற்றோர் இருவருமே நன்றாகப் பொரிய வேண்டும், அதே சமயம் விளைச்சல் வீரியம் கிடைக்கும் அளவுக்கு இருவரும் தூரத்து உறவாகவும் இருக்க வேண்டும். நன்றாகப் பொரிபவை எல்லாம் நெருங்கிய சொந்தமாக இருந்துவிடுவதுதான் சிக்கல்.

பிரேசிலில் ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் வடக்கே, கம்போஸ் டோஸ் கோய்டகாசெஸ் நகரிலுள்ள வட ஃபுளூமினென்சே மாநிலப் பல்கலைக்கழகம் இந்த முடிச்சை நீண்ட காலமாக அவிழ்த்துவருகிறது. யுஎன்பி-2யு என்ற ஒரே செடித்தொகையை எடுத்து, செடிகளை இரண்டிரண்டாகக் கலந்து குடும்பங்கள் உண்டாக்கி, அவற்றை வெவ்வேறு சூழலில் விதைத்து அளந்து, இரண்டு குணத்திலும் தேறியவற்றை மட்டும் மீண்டும் தமக்குள் கலந்தார்கள். இப்படிச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்ததில் யுஇஎன்எஃப்-14 என்ற ரகம் வந்தது. அங்குள்ளவர்கள் வகுத்த ஓர் அளவுகோல் எனக்கு மிகவும் பிடிக்கும்: ஹெக்டேருக்குக் கிடைக்கும் பொரியின் கன அளவு. ஹெக்டேருக்கு 3000 கிலோ விளைந்து கிராமுக்கு 30 பொரியும் குடும்பம் 90 கனமீட்டர் தரும். 2500 கிலோவே விளைந்து 38 பொரியும் குடும்பம் 95 கனமீட்டர் தரும். தராசில் தோற்றது உருளையில் வென்றுவிடுகிறது. பொரியை எடையாக அல்ல, கூம்பாகவும் பொட்டலமாகவும் விற்பவருக்கு இந்தக் கணக்கே சரி.

விளைச்சலை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளக் கூடாதா? தலையில் பள்ளம் விழுந்த டென்ட் மக்காச்சோளம் உலகமெங்கும் விளைகிறது. நூறாண்டு ஆராய்ச்சி அதில் குவிந்திருக்கிறது. அங்கேதான் பாப்கார்ன் ஒருவழிக் கதவைப் போட்டு வைத்திருக்கிறது. பெரும்பாலான பாப்கார்ன் ரகங்களின் 4-ஆம் குரோமோசோமில் ஜிஏ1-எஸ் என்ற மரபணுக் கூறு உண்டு. டென்ட் செடியின் மகரந்தம் இந்தக் கதிரின் பட்டு இழையில் விழுந்தால் முளைக்கும், குழாய் விடும், ஆனால் சூலை எட்டாமல் நின்றுபோகும். பாப்கார்னின் சொந்த மகரந்தம் தடையின்றி இறங்கும். பாப்கார்ன் மகரந்தம் டென்ட் கதிரில் விழுந்தாலோ மணி பிடிக்கும். மகரந்தக் குழாயின் சுவரிலுள்ள பெக்டினை மாற்றும் நொதிகளே இந்தப் பூட்டும் சாவியும் என்பது 2017, 2018 வாக்கில் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது.

விதை உற்பத்தியாளருக்கு இது பெரிய காவல். மக்காச்சோளத்தில் மகரந்தத்தின் குணம் அதே ஆண்டு மணியின் கருவூணிலேயே தெரிந்துவிடும், அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்காது. காவல் இல்லாத ரகத்தில் பக்கத்து வயலின் டென்ட் மகரந்தம் நுழைந்தால், அந்த அறுவடையிலேயே பொரியாத மணிகள் சேரும்.

ஆனால் ஆராய்ச்சியாளருக்கு இதே காவல் தொல்லை. முதல் கலப்பில் டென்ட் தாயாகவும் பாப்கார்ன் தந்தையாகவும்தான் இருக்க முடியும். பிறந்த ஒட்டை மீண்டும் பாப்கார்னோடு கலக்கும்போது கவனம் தேவை. ஒட்டின் மகரந்தத்தில் பாதியிடம் ஜிஏ1-எஸ் இருக்கும், பாதியிடம் இராது. பாப்கார்னைத் தாயாக வைத்தால் முதல் பாதி மட்டுமே உள்ளே போகும். டென்டிலிருந்து வேண்டிய நல்ல மரபணு 4-ஆம் குரோமோசோமில் அந்தக் கூறுக்கு அருகில் இருந்துவிட்டால், தடுக்கப்பட்ட மகரந்தத்தோடு அதுவும் போய்விடும். அப்போது ஒட்டைத் தாயாக்கி, பாப்கார்ன் மகரந்தத்தை அதன் மேல் தூவ வேண்டும். ஒற்றைக் குரோமோசோம் தொகுதி மட்டும் கொண்ட ஒருமயச் செடியை உண்டாக்கி, அந்தத் தொகுதியை இரட்டித்து, வரிசைகளை விரைவில் தூயதாக்கும் இரட்டை ஒருமய முறையிலும் இதே இடையூறு: ஒருமயத்தைத் தூண்டும் செடியின் மகரந்தம் இந்தக் கதவைத் தாண்டக் கூடியதாக இல்லாவிட்டால் பாப்கார்ன் கதிரில் மணியே பிடிக்காது. டென்டுக்கென்று உருவான தூண்டிகளை அப்படியே எடுத்து வர முடியாது.

ஆகவே வேற்றுமையைப் பாப்கார்னுக்குள்ளேயே தேடுவதும் முக்கியமாகிறது. அங்கே செல்வம் குறைவில்லை. மக்காச்சோளத்தின் காட்டு மூதாதையான டியோசின்ட்டியின் கல் போன்ற மணியும் பொரியும் என்று அமெரிக்க மரபியலாளர் ஜார்ஜ் பீடில் 1939-இலேயே காட்டினார். பெருவின் கடற்கரையில் பாரெடோனெஸ், வாகா ப்ரியெட்டா மேடுகளில் கிடைத்த கதிர்களில் மிகப் பழையவை சுமார் 6,700 ஆண்டுகளுக்கு முந்தியவை. அவற்றில் பொரி வகையும் உண்டு. மெக்சிகோவின் பலோமெரோ டொலுக்கேனியோ, பெருவின் கொன்ஃபித்தே மொரோச்சோ, சிலியின் குராகுவா, பராகுவேயின் அவாத்தி பிச்சிங்கா என்று இன்றும் நாட்டு இனங்கள் இருக்கின்றன.

2004-இல் வெளியான ஒரு மரபுவழி ஆய்வு வட அமெரிக்கப் பாப்கார்ன்களை மூன்று குடும்பங்களாகப் பிரித்தது. உருண்டை மணி கொண்ட மஞ்சள் முத்து வகை சிலியின் குராகுவாவை ஒத்திருக்கிறது. அரிசி போல் கூர்முனை கொண்ட வகை மெக்சிகோவின் பலோமெரோ டொலுக்கேனியோவுக்குச் சொந்தம். சீக்கிரம் விளையும் வகையில் கடின மணி கொண்ட வடக்கத்திய ஃபிளின்ட் மக்காச்சோளத்தின் கலப்பு தெரிகிறது. ஆனால் இன்று கடையில் விற்கும் மஞ்சள் பாப்கார்ன் பெரும்பாலும் முதல் குடும்பத்துக்குள்ளேயே சுற்றுகிறது. சூப்பர்கோல்ட், சவுத் அமெரிக்கன், ஆம்பர் பேர்ல் என்ற மூன்று தொகைகளிலிருந்தே அமெரிக்க ஒட்டு ரகங்களின் பெற்றோர் பெரும்பாலும் எடுக்கப்பட்டார்கள். அயோவாவின் ஏம்ஸ் விதை வங்கியில் நாட்டு இனங்கள் பத்திரமாக இருந்தும் எடுத்த எடுப்பில் பயன்படுத்த முடிவதில்லை. வெப்பமண்டல இனங்கள் அயோவாவின் நீண்ட கோடைப் பகலில் பூக்கவே தாமதிக்கும், பனையாய் வளர்ந்து சாயும், பொரிவிலும் வணிக ரகங்களுக்குப் பின்னால் நிற்கும்.

இந்தியாவிலும் இப்படியொரு பொக்கிஷம் உண்டு. சிக்கிம் மலைகளில் முர்லி மகாய் என்று அழைக்கப்படும் பழைய வகையின் ஒரே தண்டில் ஐந்து முதல் ஒன்பது வரை சிறு கதிர்கள் வரும். மணி பொரி வகை. 1964-இல் ஆராய்ச்சியாளர் தவன் இதை விவரித்த பிறகு சிக்கிம் பிரிமிட்டிவ் என்ற பெயரில் ஆராய்ச்சி உலகில் நுழைந்தது. ஒரு செடிக்குப் பல கதிர் என்பது பாப்கார்னில் மணியைப் பெருக்காமலேயே விளைச்சலைக் கூட்டும் வழி. மேலே சொன்ன இழுபறியை நேராகத் தொடும் குணம் என்பதால் இதற்கு இன்னும் நிறைய உழைப்பு கொடுக்கலாம் என்பது என் கருத்து.

வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து வென்ற உதாரணம் நெப்ராஸ்கா-லிங்கன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. மக்காச்சோளப் புரதத்தில் உடலுக்கு இன்றியமையாத லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. ஒப்பேக்-2 என்ற திரிபு அதைக் கூட்டும் என்று 1964-இல் பர்டியூவில் கண்டார்கள், ஆனால் அது மணியைச் சுண்ணாம்பாய் மென்மையாக்கிவிடும். பொரிக்கு அது சாவு. பின்னர் மெக்சிகோவிலுள்ள சிம்மிட் என்ற பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் சுரிந்தர் வாசலும் எவாஞ்சலினா வில்லேகாஸும் திரிபை விடாமலேயே மணியைக் கடினமாக்கும் துணை மரபணுக்களைத் தேர்ந்து சேர்த்தார்கள். 2000-இல் அதற்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தத் துணைகளில் முக்கியமானது காமா-சீன் என்ற புரதத்தின் மரபணு இரட்டித்திருப்பது. கூடுதல் காமா-சீன் மாவுமணிகளை மீண்டும் இறுகப் பிணைக்கிறது.

நெப்ராஸ்காவில் டேவிட் ஹோல்டிங் குழு லைசின் கூடிய அந்தச் சத்துச் சோளத்தைப் பாப்கார்னோடு கலந்து, பிறந்ததை மீண்டும் பாப்கார்னோடே கலக்கும் பின்கலப்பு செய்தது. பாப்கார்ன் பங்கு முதல் கலப்பில் 50, ஒரு பின்கலப்பில் 75, இரண்டில் சராசரியாக 87.5 சதவீதம். ஒவ்வொரு படியிலும் ஒப்பேக்-2 இருக்கிறதா என்று டிஎன்ஏ குறியீட்டால் பார்க்க வேண்டும், காமா-சீன் மிகுந்திருக்கிறதா என்று புரதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும், மணியை விளக்குப் பெட்டியின் மேல் வைத்து ஒளி ஊடுருவுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒப்பேக்-2 இருந்து காமா-சீன் தவறினால் மணி சுண்ணாம்பாகும். காமா-சீன் இருந்து ஒப்பேக்-2 தவறினால் பார்க்க அழகான மணி, ஆனால் லைசின் பழையபடிதான். இரண்டும் அமைந்தும் தோலும் கருவூணும் போதிய அளவு பாப்கார்னாகத் திரும்பாவிட்டால் உருளையில் எண் விழும். நன்றாகப் பொரிந்த வரிசைகளைத் தமக்குள் கலந்து ஒட்டுகளும் செய்தார்கள். ஒப்பேக்-2 ஒடுங்கு திரிபு என்பதால் தாய், தந்தை இரண்டிலும் அது இருந்தாக வேண்டும். ஒரு பக்கம் சாதாரணப் பாப்கார்ன் வரிசையைச் சேர்த்தால் அந்த ஒட்டின் விதை நன்றாகப் பொரியும், கூடுதல் லைசின் மட்டும் பெரும்பாலான மணிகளில் இராது.