பத்தாயிரம் ரூபாய்க் கத்தியில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

நன்றாகப் பழுத்த தக்காளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தியை அதன் மேல் வைத்து, அழுத்தாமல் லேசாக இழுங்கள். தோல் உடனே பிளந்து வழிவிட்டால் கத்தி கூராக இருக்கிறது. தோல் பள்ளமாக உள்வாங்கி, அழுத்த அழுத்தக் கடைசியில் பொத்தென்று உடைந்து, விதையும் சாறும் பலகையில் ஓடினால் கத்தி மொண்ணை. இந்தச் சோதனையில் 150 ரூபாய்க் கத்தியும் தேறும், 15,000 ரூபாய்க் கத்தியும் தேறும், இரண்டையும் அன்று காலையில் சாணைக்கல்லில் ஒழுங்காகத் தீட்டியிருந்தால். வித்தியாசம் மூன்றாவது வாரத்தில்தான் தெரியும்.

விலை உயர்ந்த கத்தி வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். எந்த எஃகையும் கூராக்கிவிடலாம். அந்தக் கூர் எத்தனை நாள் நிற்கும், கூருக்குப் பின்னால் கத்தியின் உடல் எவ்வளவு மெல்லியது, இந்த இரண்டுக்கும் கொடுக்கிற காசு நியாயமானது. மற்றதெல்லாம் அழகுக்கும் பெயருக்கும் கொடுப்பது.

கூர் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். கண்ணுக்குக் கோடாகத் தெரியும் கத்தியின் வாயை நுண்ணோக்கியில் பார்த்தால் அதற்கும் ஓர் அகலம் இருக்கும். நன்றாகத் தீட்டிய கத்தியில் அது ஒரு மைக்ரான் அளவில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இப்போது ஒரு சின்னக் கணக்கு. கத்தியின் 5 சென்டிமீட்டர் நீளம் காயின் மேல் படுகிறது, நீங்கள் ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறீர்கள் என்று வையுங்கள். அந்த ஒரு மைக்ரான் கோட்டின் மேல் விழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 2,000 மடங்கு. அதே கத்தி மழுங்கி வாய் 10 மைக்ரானாக அகன்றுவிட்டால் அழுத்தம் பத்தில் ஒரு பங்காகிவிடும். அப்புறம் என்ன, கை வலிக்க அழுத்துகிறோம். மழுங்கிய கத்திதான் அதிகம் விரலை வெட்டும் என்று சமையல்காரர்கள் சொல்வது இதனால்தான். அவ்வளவு பலத்தோடு போகிற கத்தி வழுக்கினால் நிறுத்த முடியாது.

அழுத்துவதைவிட இழுப்பது ஏன் சுலபமாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எல். மகாதேவனும் அவரோடு இருந்தவர்களும் 2012-இல் இதை ஆராய்ந்தார்கள். மெத்தென்ற பொருளை மேலிருந்து அழுத்தினால் முழுப் பொருளும் அமுங்கி வளைந்த பிறகுதான் பிளவு தொடங்கும். பக்கவாட்டில் இழுத்தால் கத்தி படுகிற இடத்திலேயே பிளவு சீக்கிரம் பிறந்துவிடும், மற்ற பகுதி அதிகம் நசுங்காது. நம் வீட்டு அரிவாள்மணையில் இது இயல்பாகவே நடக்கிறது. வளைந்த அலகு நிலையாக நிற்க, காயை இரண்டு கையாலும் பிடித்து முன்னே தள்ளும்போது அது அலகின் மேல் சரிந்துகொண்டே போகிறது. இழுப்பு தானாக வந்துவிடுகிறது. என் அம்மா அதில் அவரைக்காயை நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒரே தடிமனில் விழும். அந்த அலகு பட்டறையில் அடித்த சாதாரண எஃகுதான்.

சரி, எஃகுக்கு வருவோம். இரும்பில் கொஞ்சம் கரி (கார்பன்) சேர்ந்தால் எஃகு. பட்டறையில் அரிவாள் அடிப்பவர் அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று தண்ணீரில் தோய்க்கிறாரே, கத்தியின் குணம் அந்த ஒரு நொடியில்தான் முடிவாகிறது. 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் கரி அணுக்கள் இரும்பு அணுக்களுக்கு நடுவே கரைந்து கலந்திருக்கும். மெதுவாக ஆறவிட்டால் அவை தனியாகப் பிரிந்து ஒதுங்கிவிடும், இரும்பும் மென்மையாகிவிடும். திடீரென்று குளிர்ந்தால் ஒதுங்க நேரம் கிடைக்காமல் நடுவிலேயே மாட்டிக்கொள்ளும். அந்த நெருக்கத்தில் இரும்பின் அடுக்கே கோணிக்கொண்டு இறுகிவிடுகிறது. இந்த நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். அப்படியே விட்டால் கண்ணாடிபோல உடையும் என்பதால் மறுபடி 200 டிகிரிக்குப் பக்கத்தில் மிதமாகச் சூடுகாட்டி இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறார்கள். இரண்டு கத்தியில் ஒரே எஃகின் பெயர் பொறித்திருக்கலாம். சூட்டிலும் நேரத்திலும் ஒருவர் கவனமாக இருந்து மற்றவர் அலட்சியமாக இருந்திருந்தால் அவை இரண்டும் வேறு வேறு கத்திகள்தான். நல்ல பட்டறைக்கும் நல்ல ஆலைக்கும் கூடுதலாகக் கொடுப்பது இந்தக் கவனத்துக்கு.

இப்படி வரும் கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். வைரக் கூம்பை எஃகின் மேல் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கும் முறை. மலிவான துருப்பிடிக்காத கத்திகள் 52, 54 என்று நிற்கும். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகள் 56 முதல் 58. ஜப்பானில் சக்காய், செக்கி போன்ற ஊர்களில் செய்யும் கத்திகள் 60-க்கு மேலே, 63 வரைகூடப் போகும். எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் அடுப்படியில் வித்தியாசம் பெரிது. 54 உள்ள கத்தியின் வாய் பலகையில் பட்டுப் பட்டு ஒரு பக்கமாக மடிந்துவிடும். 61 உள்ளது மடியாமல் நிற்கும். ஆனால் கடினம் ஏற ஏற எஃகு வளையும் குணத்தை இழக்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அது மடியாது, தெறிக்கும்.

எனக்கு இது பரங்கிக்காயில் புரிந்தது. முதன்முதலாக வாங்கிய ஜப்பானியக் கத்தியால் ஒரு முற்றிய காயைப் பிளக்கப் போனேன். பாதியில் கத்தி சிக்கிக்கொண்டது. பழைய கத்தியில் செய்வதுபோலப் பக்கவாட்டில் நெம்பினேன். டிக் என்று மெல்லிய சத்தம். கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வாயில் பிறை வடிவத்தில் ஒரு சில்லு இல்லை. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அதைச் சரிசெய்ய வாய் முழுவதையும் அரை மில்லிமீட்டர் தேய்த்தாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அதற்கே போனது. கத்தியில் குறை இல்லை, அது செய்யும் வேலையை நான் செய்யவிடவில்லை. சேனைக்கிழங்கு, தேங்காய், மீன் தலை, முள், எலும்பு எதையும் அந்த மாதிரிக் கத்தியிடம் கொண்டுபோகக் கூடாது.

எஃகைவிடப் பல மடங்கு மென்மையான பொருள்கூட வாயைச் சிதைக்கும் என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2020-இல் அழகாகக் காட்டினார்கள். முடியைவிடச் சுமார் 50 மடங்கு கடினமான சவர பிளேடு, வெறும் முடியை வெட்டியே ஏன் மழுங்குகிறது என்பது கேள்வி. மின்னணு நுண்ணோக்கிக்குள் வைத்து வெட்டிப் பார்த்தபோது, வாய் மெதுவாகத் தேய்வதற்கு முன்பே பொடிச் சில்லுகள் தெறிப்பது தெரிந்தது. முடி சாய்வாக வளைந்து, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத ஓர் இடத்தில் பட்டால் அங்கே விரிசல் விழுகிறது. அந்தச் சீர்மைதான் நல்ல எஃகில் கிடைப்பது. முடிக்கே இப்படியென்றால் கண்ணாடிப் பலகையிலும் கிரானைட் மேடையிலும் நேராக வைத்து நறுக்குவதைப் பற்றி என்ன சொல்வது! கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் கத்தி எஃகைவிடக் கடினமானது. ஒரு வேளைச் சமையல் போதும். மரப்பலகை வையுங்கள்.

துருப்பிடிக்காத எஃகு கதை வேறு. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல் தேய்மானத்தை ஆராயும்போது 13 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் குரோமியம் கலந்த எஃகு அமிலத்துக்கு அசையாததைக் கவனித்தார். ஷெஃபீல்டு கத்தி ஊர் ஆயிற்றே, அவருக்குச் சாப்பாட்டு மேசைக் கத்திதான் உடனே நினைவுக்கு வந்தது. ஆனால் முதலில் செய்து பார்த்த தொழிலாளிகளுக்கு அந்த எஃகைச் சரியாகக் கடினமாக்கத் தெரியவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்தார்கள். துருப்பிடிக்காத கத்தி கூர் நிற்காது என்ற பேச்சு நம் ஊரிலும் இன்றுவரை உண்டு. மலிவான கத்தியில் அது உண்மையும்கூட. ஆனால் கரி ஒரு சதவீதம், குரோமியம் 15 சதவீதம் உள்ள ஜப்பானின் விஜி-10 போன்ற எஃகுகளில் துருவும் ஏறாது, கூரும் நிற்கும்.

குரோமியம் இல்லாத கரி எஃகு இன்னும் மென்மையாகத் தீட்டக் கொடுக்கும். ஆனால் வாழைப்பூவை அரிந்து பாருங்கள். பூவில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து, பழைய காலத்து எழுதும் மைபோலக் கறுத்துவிடும். புளி, எலுமிச்சை, மாங்காய் பட்டால் உடனே கழுவித் துடைக்க வேண்டும். கூட்டுக் குடும்பச் சமையலறையில் யார் எப்போது கத்தியை எடுத்து எங்கே போடுவார்கள் என்று தெரியாது. அங்கே கரி எஃகு வேண்டாம் என்பேன்.

கடையில் யாரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். கேரட்டைக் குறுக்கே நறுக்கும்போது டக்கென்று சத்தம் வந்து துண்டு தெறிக்கிறது இல்லையா? கத்தி வெட்டியதால் வந்த சத்தம் இல்லை அது. கத்தியின் தடித்த உடல் ஆப்புபோல இறங்கிக் காயைப் பிளந்திருக்கிறது. வாய் எவ்வளவு கூராக இருந்தாலும் அதற்கு மேலே உள்ள பகுதி தடிமனாக இருந்தால் இதுதான் நடக்கும். மெல்லிய கத்தி கேரட்டில் சத்தமில்லாமல் இறங்கும். வெங்காயத்திலும் இப்படித்தான். செல்கள் நசுங்கும்போதுதான் கண்ணை எரிக்கும் வாயு உருவாகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதிவேகக் கேமராவில் படம் பிடித்துப் பார்த்தபோது, மழுங்கிய கத்தி வெங்காயத்தை அமுக்கி, சாற்றுத் துளிகளை அதிகமாகவும் வேகமாகவும் மேலே பீய்ச்சியது. சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் அரிபவர்களுக்கு இது தெரிந்த செய்திதான்.

அலகில் அலை அலையாகக் கோடு போட்ட டமாஸ்கஸ் கத்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பெயருக்குப் பின்னால் நம் மண் இருக்கிறது. பழைய டமாஸ்கஸ் வாள்கள் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன மூசை எஃகில், அதாவது மண் குப்பியில் உருக்கிய எஃகில் அடிக்கப்பட்டவை. உருக்கு, உக்கு என்ற நம் சொற்களே ஐரோப்பியர் வாயில் ஊட்ஸ் என்று அந்த எஃகின் பெயர் ஆனதாகக் கருதப்படுகிறது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்பும் எஃகும் செய்த உலைகளை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த எஃகில் கோடுகள் உள்ளேயே, கரி சேர்மங்கள் வரிசை கட்டியதால் வந்தவை. இன்றைய கடைக் கத்திகளில் பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி அடித்து, அமிலத்தில் தோய்த்துக் கோட்டை வெளியே கொண்டுவருகிறார்கள். வெட்டுவது நடுவில் இருக்கும் ஒற்றை எஃகு. மேலே உள்ள கோடுகளால் தக்காளிக்கு ஒன்றும் ஆகாது. பிடித்திருந்தால் வாங்குங்கள், கண்ணுக்கு அழகுதான்.

ஆக, யாருக்கு எது? தினமும் ஒருவர் மட்டும் பொறுமையாக நறுக்குகிற வீடு, கல்லில் தீட்டப் பழகும் ஆசையும் உண்டு என்றால் கடினமான மெல்லிய கத்தி வாங்கலாம், அந்தப் பணம் வீண் போகாது. பலர் கை படும் வீட்டுக்கு ராக்வெல் 56 அளவில், மெல்லிய அலகுள்ள, இரண்டு மூன்றாயிரம் ரூபாய்க் கத்தி போதும். அதற்கு மேல் ஏறும் விலையில் அடுப்படிக்கு வரும் பயன் குறைந்துகொண்டே போகும். கல் வாங்க மாட்டேன் என்பவருக்கு 150 ரூபாய்க் கத்தியே சரி, ஏனென்றால் மழுங்கிய பிறகு எல்லாக் கத்தியும் ஒரு விலைதான். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மணையைத் தாராளமாகக் கொடுங்கள். மெல்லிய கத்தியைக் கொடுக்காதீர்கள். சக்கரத்தின் உராய்வில் வாய் 200 டிகிரி தாண்டினால் தோய்த்து ஏற்றிய கடினம் இறங்கத் தொடங்கும். கரி எஃகு நீலம் பாரித்துவிட்டால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம்.

வீட்டுக்கு 1000 எண் கல் ஒன்று போதும், கல்லின் துகள் எவ்வளவு பொடி என்பதைச் சொல்லும் எண் அது. ஊறவைத்த கல்லில் கத்தியைச் சாய்த்து, ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே போனால் சற்று நேரத்தில் மறுபக்க விளிம்பில் கட்டைவிரலுக்கு நெருடலாக ஒன்று தட்டும். அதுதான் பிசிறு, மெலிந்து மெலிந்து அந்தப் பக்கம் மடிந்துவிட்ட எஃகு. நுனியிலிருந்து பிடி வரை அது தட்டினால்தான் வாய் முழுதும் கல்லைத் தொட்டிருக்கிறது. பிறகு மறுபக்கம், பிறகு மிக லேசாக மாற்றி மாற்றி. கடைசியில் நான் செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். தாள் சத்தமில்லாமல் இரண்டாகும். எங்காவது கரகரவென்று சிக்கினால் பிசிறு அந்த இடத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கத்தி மறுபடி கல்லுக்குப் போகும்.