முதுநிலையில் சமூகக் கொள்கை படிக்க அரசாங்கப் பணம் எவ்வளவு தூரம் உதவும்?

சிங்கப்பூர் அரசின் திறன் வளர்ப்புத் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில்தான் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கிடக்கிறதே, அதை வைத்துச் சமூகக் கொள்கையில் முதுநிலைப் பட்டம் வாங்கிவிடலாமே என்று நாற்பதைத் தாண்டியவர்கள் சிலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தத் தொகை ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். பெரிய பணம் கல்வி அமைச்சின் கட்டண மானியத்தில் இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

பல்கலைக்கழகத்தின் கட்டண அட்டவணையைத் திறந்து பாருங்கள். சிங்கப்பூரர், நிரந்தரவாசி, வெளிநாட்டு மாணவர் என்று தனித்தனித் தொகை இருந்தால், பெரும்பாலும் அது மானியம் உள்ள படிப்பு. எல்லாருக்கும் ஒரே தொகை என்றால் மானியத்தை மறந்துவிடலாம். ஒரே பல்கலைக்கழகத்திலேயே ஒரு முதுநிலைப் படிப்புக்கு மானியம் இருக்கும், பக்கத்துத் துறையில் இருக்காது.

இதில் பலர் கவனிக்காமல் விடும் விதி ஒன்று உண்டு. முதுநிலைக்கு இந்த மானியம் ஒருவருக்கு ஒரு தடவைதான். என்றோ பொறியியலில் மானியத்தோடு முதுநிலை முடித்தவர், இப்போது சமூகக் கொள்கைக்கு வந்தால் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். பாதியில் விட்டவர்களும் தங்கள் நிலை என்ன என்று எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்வது நல்லது. சும்மா இருக்கட்டும் என்று ஒரு பட்டத்தில் சேர்ந்து இந்த ஒரே வாய்ப்பைச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, ஸ்கில்ஸ்ஃபியூச்சருக்கு வருவோம். 2016இல் 25 வயதை எட்டிய குடிமக்களுக்குக் கொடுத்த 500 வெள்ளிக்குக் காலக்கெடு இல்லை. 2024 மே மாதம் 40 வயதை எட்டியவர்களுக்கு வந்த 4,000 வெள்ளியும் காலாவதியாகாது. ஆனால் அதை ஒரு குறிப்பிட்ட பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டுமே செலவழிக்கலாம். மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளத்தின் வழியாக நுழைந்து, நீங்கள் நினைக்கும் படிப்பு அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வகுப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது.

முழுநேரம் படிக்கப் போகிறவர்கள் மாதம் 3,000 வெள்ளி வரையிலான பயிற்சிப் படித்தொகையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முந்தைய சராசரி வருமானத்தில் பாதி, வாழ்நாளில் 24 மாதம் வரை. அதற்கும் பட்டியல் உண்டு. முதுநிலைப் பட்டத்துக்குக் கிடைத்துவிடும் என்று நம்பி வேலையை விடாதீர்கள்.

ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியின் கல்விக் கடன் பட்டயத்துக்கும் முதல் பட்டத்துக்கும்தான். முதுநிலைக்குத் தொட முடியாது.

அப்புறம், கொள்கையை எழுதும் மேசைக்குப் போக வேண்டுமா, குடும்ப சேவை நிலையத்தில் ஆட்களோடு வேலை செய்ய வேண்டுமா? முதலாவது என்றால் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளி போன்ற இடங்கள். இரண்டாவது என்றால் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் சமூகப் பணிப் பட்டப்பின் பட்டயத்தையும் பாருங்கள். வேறு துறையிலிருந்து வருபவர்களுக்கு அது நல்ல வாசல். தேசிய சமூக சேவை மன்றத்தின் உபகாரச் சம்பளம் கிடைத்தால் கட்டணக் கவலை குறையும், ஆனால் படித்து முடித்ததும் சமூகச் சேவைத் துறையில் ஒப்பந்தப்படி வேலை செய்ய வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த ஆண்டுக் கணக்கை வீட்டில் எல்லாரோடும் பேசிவிடுங்கள்.