குரூப்வேர்: வெறும் மென்பொருளா?

ஒரு குழு சேர்ந்து வேலை செய்ய உதவும் மென்பொருளை இன்று ஆங்கிலத்தில் குரூப்வேர் என்கிறார்கள். அதை அப்படியே தமிழில் எழுதினால் முதலில் கண்ணில் படுவது 'வேர்'தான். மரத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் சரக்கு, பண்டம் என்று பொருள் தந்த சொல்லின் எச்சம் அது. ஹார்டுவேர், சாஃப்ட்வேர் ஆகியவற்றின் வாலும் அதுவே. வன்பொருள், மென்பொருள் என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். பொருள் என்றாலும் சரக்குதானே. ஆனால் அதே சூட்டில் 'குழுப்பொருள்' என்று சொல்லிவிட முடியாது. சங்கத்துச் சமையல் பாத்திரம் மாதிரி ஒலிக்கும்.

1978-இல் இந்தச் சொல்லை உருவாக்கியவர்கள் பீட்டர், ட்ரூடி ஜான்சன்-லென்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி. அவர்கள் கொடுத்த விளக்கத்தில் மென்பொருள் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறது. ஒரு நோக்கத்துக்காகக் குழு தானே வகுத்துக்கொண்ட நடைமுறை முதலில், அதற்குத் துணைநிற்கும் மென்பொருள் அப்புறம். இரண்டும் சேர்ந்தால்தான் குரூப்வேர். 1989-இல் லோட்டஸ் நோட்ஸ் என்ற, மின்னஞ்சலையும் பொது ஆவணங்களையும் அலுவலகக் குழு பகிர்ந்துகொள்ள உதவும் மென்பொருள் விற்பனைக்கு வந்தது. அதைப் போன்றவை அலுவலகங்களில் பரவப் பரவ முன்பாதி உதிர்ந்து, கடையில் வாங்கும் மென்பொருளுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஆய்வுலகம் வேறு பெயரில் போனது. 1984-இல் அயரீன் கிரைஃப், பால் காஷ்மன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பயிலரங்குக்காக வைத்த பெயர் சி.எஸ்.சி.டபிள்யூ., அதாவது 'கம்ப்யூட்டர் சப்போர்ட்டட் கோஆப்பரேட்டிவ் வொர்க்'. தமிழில் 'கணினித் துணைக் கூட்டுப்பணி' எனலாம். நடுவில் வரும் 'கோஆப்பரேட்டிவ்' என்பதைக் கூட்டுறவு என்று பெயர்த்தால் நமக்கு ரேஷன் கடையும் நகைக்கடனும்தான் நினைவுக்கு வரும்.

உதிர்ந்த முன்பாதி எவ்வளவு முக்கியம் என்பதை 1988-இல் கணினி ஆய்வாளர் ஜொனதன் க்ரூடின் எழுதிய கட்டுரை காட்டுகிறது. இத்தகைய மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்பதுதான் அவர் கேள்வி. உழைப்பவர் ஒருவர், பலன் பெறுபவர் வேறொருவர் என்பது அவர் சொன்ன முதன்மையான காரணம். கூட்டத்துக்கு நேரம் குறித்துத் தரும் தானியங்கி நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தைக் கூட்டும் மேலாளருக்கு வேலை மிச்சம். அது வேலை செய்ய வேண்டுமானால் மற்ற எல்லோரும் தங்கள் நாட்காட்டியைத் தவறாமல் நிரப்பி வைக்க வேண்டும். தனக்கு ஒன்றும் கிடைக்காதவர் ஏன் நிரப்புவார்?

குரல் பதிவையும் அவர் விடவில்லை. பேசுவது தட்டச்சு செய்வதைவிட வேகம்; கேட்பது படிப்பதைவிட மெதுவு. சுகம் அனுப்புபவருக்கு, பாடு கேட்பவருக்கு. வாட்ஸப் குழுவில் நான்கு நிமிடக் குரல் செய்தி வந்து விழும்போதெல்லாம் எனக்கு க்ரூடின் ஞாபகம் வரும். அந்த நான்கு நிமிடத்தில் நமக்கு வேண்டிய தேதி எங்கே இருக்கிறது என்று கண்ணை ஓட்டிப் பார்க்க முடியாது; காதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இன்று அதிகம் புழங்கும் 'கொலாபரேஷன்' லத்தீனில் 'சேர்ந்து உழைத்தல்'. நம் 'ஒத்துழைப்பு' அதற்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது: ஒத்து உழைப்பது. ஆனால் சொல் தேய்ந்துவிட்டது. 'சாலைப் பணி நடைபெறுகிறது, ஒத்துழைப்பு தாருங்கள்' என்ற பலகை நம்மை மண்வெட்டியோடு வரச் சொல்லவில்லை. முணுமுணுக்காமல் சுற்றிப் போகச் சொல்கிறது. அதனால் 'கூட்டுப்பணி' மேல். அதில் இன்னும் உழைப்பு இருக்கிறது.

கருவியை மட்டும் குறிக்கும் இடத்தில் 'கூட்டுப்பணி மென்பொருள்' போதும். ஜான்சன்-லென்ஸ் தம்பதி நினைத்த முழுப்பொருளுக்குக் 'கூட்டுப்பணியமைப்பு' என்பது என் பரிந்துரை. ஏற்பாட்டையும் சொல்லும், கருவியையும் சொல்லும் சொல் 'அமைப்பு'. கொஞ்சம் நீளம்தான், வாயில் பழகிவிடும்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு பொது ஷீட்டை நிரப்பச் சொல்வார்கள். பதினோரு பேர் நிரப்புவோம், ஒருவர் பார்ப்பார். மூன்றாவது வாரத்திலிருந்து எல்லோரும் நேற்றைய வரியையே காப்பி செய்து ஒட்டினோம். பார்ப்பவர் அதைக் கவனிக்கவே இல்லை. அந்த ஷீட்டைக் கூட்டுப்பணி மென்பொருள் என்று சொல்லலாம். கூட்டுப்பணியமைப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.