கிளிநொச்சிக் காணியும் மாலைதீவுக் கடலில கிடக்கிற பூச்சியமும்

பரந்தனில இருந்து ஒரு தம்பி போன கிழமை வட்ஸ்அப்பில கேட்டவர். "அண்ணை, என்ர லப்டொப்பில ஓட்டோகாட் (பிளான் கீறுற சொஃப்ட்வெயார்) சரியா இழுபடுது, மௌஸ உருட்டினா ரெண்டு மூண்டு செக்கன் கழிச்சுத்தான் படம் அசையுது, கிட்டப் போனா கோடெல்லாம் நடுங்குது, ஹச் (ஒரு பரப்பைக் கோடு, செங்கல் மாதிரிக் கோலத்தால நிரப்புறது) போட்டா ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தாலும் முடியாமக் கிடக்குது. கடையில 16 ஜிபி றாம் போடச் சொல்லுறாங்கள், போடட்டோ?"

நான் றாமைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல. "எதாவது ஒரு கோட்டைத் தொட்டு அதின்ர ஆள்கூறு என்னெண்டு பாத்துச் சொல்லும்" எண்டு கேட்டன். கிழக்கு 459 ஆயிரத்துச் சொச்சம், வடக்கு 763 ஆயிரத்துச் சொச்சம் எண்டு வந்துது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு காணிக்கு சேவையர் குடுத்த படம், அதுக்கு மேலயே வீட்டு பிளானையும் கீறியிருக்கிறார். கோடு ஏன் நடுங்குது எண்டதுக்கு மறுமொழி அந்த ரெண்டு எண்ணுக்குள்ளதான் இருக்குது. எனக்கு இந்த விசயத்தில ஒரு தனி விருப்பம், அதால கொஞ்சம் விரிச்சு எழுதுறன்.

முதல் அந்த எண்கள் எங்கயிருந்து வருது எண்டு பாப்பம். இப்ப எங்கட நாட்டு நில அளவைப் படங்களுக்குப் பாவிக்கிற வலை, அதாவது ஆள்கூறுகளை அளக்கிற கட்டம், எஸ்எல்டி 99. அதின்ர மூலப்புள்ளி நுவரெலியாவில பிதுருதலாகலை மலையில இருக்குது. அந்தப் புள்ளிக்கு 0, 0 எண்டு குடுத்திருந்தா மேற்க இருக்கிற ஊர், தெற்க இருக்கிற ஊர் எல்லாத்துக்கும் சய எண் வந்திருக்கும், கழித்தல் குறி ஒண்டை ஆரும் எழுத மறந்தா காணி வேற மாவட்டத்துக்குப் போயிடும், அதால பிதுருதலாகலைக்கு 500,000, 500,000 எண்டு மீற்றரில குடுத்து வைச்சிருக்கினம். நல்ல ஏற்பாடுதான். ஆனா அப்பிடிச் செய்யேக்க உண்மையான பூச்சியம் 500 கிலோமீற்றர் மேற்கயும் 500 கிலோமீற்றர் தெற்கயும் தள்ளிப் போய், மாலைதீவுக்குக் கிழக்கால இந்து சமுத்திரத்துக்கு நடுவில விழுந்திட்டுது. கிளிநொச்சி டவுனில இருந்து அந்த இடத்துக்கு நேர்கோட்டில கிட்டத்தட்ட 890 கிலோமீற்றர். தம்பி கீறின குசினிச் சுவர், கிணத்துக்கட்டு, பின்வளவு வேலி எல்லாமே அந்தக் கடலுக்குள்ள இருக்கிற புள்ளியில இருந்துதான் அளக்கப்படுது.

அளந்தா என்ன, எண் தானே எண்டு கேப்பியள். கொம்பியூட்டர் எண்ணை எப்பிடி வைச்சிருக்குது எண்டதுதான் இதில சுவையான பகுதி.

பள்ளிக்கூடத்தில விஞ்ஞானமுறைக் குறிப்பீடு படிச்சிருப்பியள், பெரிய எண்ணைச் சின்ன எண்ணா எழுதி பத்தின்ர வலுவால பெருக்கிறது. கொம்பியூட்டரும் தசம எண்ணை அப்பிடித்தான் வைக்குது, பத்துக்குப் பதிலா ரெண்டின்ர வலு, அவ்வளவுதான் வித்தியாசம். இதை எல்லா மெசினும் ஒரே மாதிரிச் செய்யோணும் எண்டு 1985 இல ஐஈஈஈ 754 எண்டு ஒரு நியமம் வந்துது, அதுக்கு முன்னுக்கு நிண்டு உழைச்ச வில்லியம் கஹான் எண்ட கணித அறிஞருக்கு 1989 இல கொம்பியூட்டர் விஞ்ஞானத்தின்ர பெரிய விருதான டியூரிங் விருதும் குடுத்தவை. பிட் எண்டா 0 அல்லது 1 எழுதுற ஒரு இடம்; அந்த நியமத்தில ஒரு எண்ணுக்கு 32 பிட் குடுக்கிற முறையும் இருக்குது, 64 பிட் குடுக்கிற முறையும் இருக்குது.

32 பிட் முறைய ஒரு அடிமட்டம் எண்டு நினையுங்கோ. கடையில விக்கிற அடிமட்டத்தில கோடுகள் எல்லா இடத்திலயும் ஒரே இடைவெளியில இருக்கும், இது அப்பிடியில்ல. 1 இல இருந்து 2 மட்டும் 8,388,608 கோடு போட்டிருக்குது. 2 இல இருந்து 4 மட்டும் தூரம் ரெண்டு மடங்கு, ஆனா கோடு அதே 8,388,608 தான். 4 இல இருந்து 8 மட்டும் திரும்பவும் அதே எண்ணிக்கை. பூச்சியத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக ஒவ்வொரு இரட்டிப்புக்கும் கோடுகளுக்கிடையில இடைவெளி ரெண்டு மடங்காகுது. பூச்சியத்துக்குக் கிட்ட மயிரிழைய விட நுணுக்கமா அளக்கிற அதே அடிமட்டம் தூரத்தில போய் முரட்டு அடிமட்டமா மாறுது.

இப்ப எங்கட 763,000 எங்க விழுகுது? 524,288 க்கும் 1,048,576 க்கும் இடையில. அந்த 524,288 மீற்றர் நீளத்துக்கும் அதே 8,388,608 கோடுதான், பிரிச்சுப் பாருங்கோ, ஒரு மீற்றருக்கு 16 கோடு வருது. அப்பிடியெண்டா ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில 6.25 சென்ரிமீற்றர். இடையில ஒண்டுமில்ல! 32 பிட்டில எழுதினா கிளிநொச்சியில ஒரு புள்ளி தெற்கு வடக்காப் முக்காவாசி உள்ளங்கை அகலம் பாய்ஞ்சுதான் நகரேலும்.

ஒரு சுவரை எடுத்துப் பாப்பம். 100 மில்லிமீற்றர் தடிப்பு, ஒரு பக்கம் 763,214.837 இல, மற்றப் பக்கம் 763,214.937 இல. முதலாவது எண்ணுக்குக் கிட்ட இருக்கிற கோடு .8125, ரெண்டாவதுக்கு .9375. கழிச்சா 125 மில்லிமீற்றர். சுவர் கொழுத்திட்டுது. இனி அதே சுவரை 13 மில்லிமீற்றர் வடக்க தள்ளிக் கீறுங்கோ, .850 உம் .950 உம். இப்ப கிட்டக் கோடுகள் .875, .9375, வித்தியாசம் 62.5 மில்லிமீற்றர். ஒரே சுவர், 13 மில்லிமீற்றர் நகத்தினதுக்கு அரைவாசியாப் போச்சுது. நான் இதை முதல் தரம் கொப்பியில கைக்கணக்காப் போட்டுப் பாத்த அண்டைக்கு ராத்திரி நித்திரை வரேல்ல, அவ்வளவு வடிவான விசயம். தம்பி சொன்ன நடுக்கமும் இதுதான், கிட்டப் போய்ப் படத்தை நகத்தேக்க ஒவ்வொரு முனையும் தனக்குக் கிட்ட இருக்கிற கோட்டுக்குத் தாவுது, முனைக்கு முனை வேற வேற தாவல், கண்ணுக்கு நடுங்கிற மாதிரித் தெரியுது.

ஆனா ஒண்டைத் தெளிவாச் சொல்லோணும், பைலுக்குள்ள இருக்கிற அளவு பிழையில்ல. ஓட்டோகாட் எண்களை 64 பிட்டிலதான் சேமிக்குது, அந்த அடிமட்டத்தில இதே 763,000 இல ரெண்டு கோட்டுக்கிடையில இருக்கிற தூரம் ஒரு மீற்றரின்ர ஆயிரம் கோடியில ஒரு பங்குக்குக் கிட்ட, ஒரு ஐதரசன் அணுவின்ர அகலம் அளவு. காணி எல்லைக்கு அது தாராளம். பிழை நடக்கிறது அந்த எண்ணை கிராபிக்ஸ் காட்டுக்கு அனுப்பேக்க. ஸ்கிறீனில படத்தைக் கீறுற கிராபிக்ஸ் காட் கொம்பியூட்டர் விளையாட்டுகளுக்காக வளந்த சாமான், விளையாட்டுக்கு 32 பிட் காணும், அதால கடையில வாங்கிற சாதாரண காட்டுகள் கனக்க 64 பிட் கணக்கை 32 பிட் கணக்கின்ர வேகத்தில 32 இல ஒரு பங்கு, சிலது 64 இல ஒரு பங்கு வேகத்திலதான் செய்யும்.

இதுக்கு விளையாட்டு எழுதுற ஆக்கள் கண்டுபிடிச்ச வழி என்னெண்டா, முதல் கழி, பிறகு சுருக்கு. 763,214.837 ஐ அப்பிடியே 32 பிட்டுக்குள்ள திணிக்காமல், நீங்கள் பாத்துக்கொண்டிருக்கிற இடத்தின்ர எண்ணை, 763,200 எண்டு வைப்பம், 64 பிட்டிலயே கழிச்சிட்டா மிச்சம் 14.837. இதை 32 பிட்டில எழுதினா இடைவெளி ஒரு மீற்றரின்ர பத்து லட்சத்தில ஒரு பங்கு. ஒரு கழித்தல்தான், 6.25 சென்ரிமீற்றர் பிழை மில்லிமீற்றரில ஆயிரத்தில ஒண்டாச் சுருங்கிப் போகுது. புதுசா வாற கீறல் சொஃப்ட்வெயாருகள் சிலது இதைத் தாங்களாச் செய்யும், ஆனா ஹச், முப்பரிமாணம், வெளியில இருந்து சேர்க்கிற துணைப் புறோகிராம் எண்டு எல்லா இடத்திலயும் செய்யும் எண்டு நம்பேலாது. மீற்றரை விட்டு மில்லிமீற்றரில கீறினா சரிவரும் எண்டு நினைக்காதேங்கோ, எண் ஆயிரம் மடங்கு பெருக்கும், இடைவெளி 64 மில்லிமீற்றராவே நிக்கும்.

ஹச்சுக்கு வேறயும் ஒரு கரைச்சல். ஓட்டு அடுக்கோ செங்கல்லோ, எந்தக் கோலமும் வழமையா 0, 0 இல இருந்துதான் அடுக்கப்படுது. எங்கட விசயத்தில கடலுக்குள்ள தொடங்கி 890 கிலோமீற்றர் எண்ணிக்கொண்டு வந்து உங்கட முத்தத்தில இறங்கோணும், கோலத்தின்ர பைலில நாலு தசமதானத்தோட வெட்டி எழுதியிருக்கிற அளவு அவ்வளவு தூரம் பெருகினா என்னாகும் எண்டு யோசியுங்கோ. ஹச்சின்ர தொடக்கப் புள்ளிய காணிக்குள்ளயே ஒரு மூலையில வைச்சா இந்தப் பகுதி உடன சுகமாகும்.

சரி, நடுக்கத்துக்குக் காரணம் தெரிஞ்சுது, ஏன் இழுபடுது? தம்பிட்ட அடுத்ததாச் சொன்னன், "முழுப் படத்தையும் காட்டச் சொல்லி சூம் பண்ணும்." ஸ்கிறீன் வெறுமையாப் போட்டுது, உத்துப் பாத்தா ஒரு மூலையில ஒரு புள்ளி, எதிர் மூலையில இன்னொரு புள்ளி. எஸ்எல்டி 99 வாறதுக்கு முன்னம் பாவிச்ச பழைய வலையில பிதுருதலாகலைக்குக் குடுத்தது 200,000, 200,000. அதே காணி பழைய படத்தில கிட்டத்தட்ட 159,000, 463,000 எண்டு வரும். அந்தக் காணிக்கு ரெண்டு படம் இருந்திருக்குது, ஒண்டு பழைய வலையில ஒண்டு புது வலையில, ரெண்டையும் ஆரோ ஒரே பைலில ஒட்டிவிட்டிருக்கினம், ரெண்டுக்கும் இடையில 424 கிலோமீற்றர். இடம்பெயர்ந்து திரும்பி வந்து, எரிஞ்சு போன உறுதிக்குப் பதிலா எங்கயோ கிடந்த பழைய பிரதிய எடுத்து எல்லை தேடுற சனம் இருக்கிற ஊரில இது அடிக்கடி நடக்கும், ஆரையும் குறை சொல்லேலாது. ஆனா கீறல் சொஃப்ட்வெயார் முழுப் பரப்புக்கும் முதலே ஒரு தயார்ப் பட்டியல் செய்து வைச்சுத்தான் கெதியா நகத்துது, 424 கிலோமீற்றருக்குச் செய்த பட்டியலை வைச்சு 10 மீற்றர் முத்தத்தைக் காட்டச் சொன்னா நுணுக்கம் காணாது, திரும்பவும் எல்லா எண்ணையும் எடுத்து மாத்தோணும். ரீஜென் எண்டு சொல்லுறது அதைத்தான். உருட்ட உருட்ட இழுபட்டது அதால.

மிச்சக் காரணங்களைக் கெதியாச் சொல்லிப்போட்டு விடுறன். பழைய பைல்களில இருந்து வெட்டி ஒட்ட ஒட்ட, பாவிக்காத புளொக் (ஒரு தொகுதியாச் சேத்து வைச்ச உருவம்), லேயர் (படத்தின்ர அடுக்கு), துணைப் புறோகிராமுகள் பதிஞ்சு விட்ட பெயர்கள் எல்லாம் கூடவே வரும். எனக்கு ஒருக்கா ரெண்டு அறை வீட்டு பிளான் 38 எம்பியில வந்தது, பேர்ஜ் (பாவிக்காததை அழிக்கிற கட்டளை) பண்ணி, கட்டளைக்கு முன்னால ஒரு கழித்தல் குறி போட்டுத் திரும்ப பேர்ஜ் அடிச்சு ரீஜாப்ஸ் எண்ட அந்தப் பதிஞ்ச பெயர்களையும் அழிச்சு, ஓடிட் (பைலில பிழை தேடித் திருத்திற கட்டளை) ஓட்டி, ஒண்டுக்கு மேல ஒண்டு கிடந்த கோடுகளை ஓவர்கில்லில எடுத்த பிறகு 1 எம்பிக்குள்ள வந்திட்டுது. பென்ட்ரைவில வைச்சுத் திறந்து வேலை செய்யாதேங்கோ. ஓட்டோகாட் தன்ர வேலையில முக்காவாசியையும் புறொசெசருக்குள்ள இருக்கிற கணக்குப் போடுற அலகுகளில (கோர்) ஒண்டிலதான் செய்யுது, அதால கன கோர் இருக்கிற மெசினை விட ஒரு கோர் வேகமா ஓடுற மெசின் திறம். அந்தக் கோர் சூடேறினா தன்ர வேகத்தைத் தானே குறைச்சுக்கொள்ளும். ஆனி ஆடியில சோழகம் அள்ளிக்கொண்டு வாற செம்புழுதி லப்டொப் காத்தாடிக்குள்ள ஒரு கம்பளி மாதிரிப் படிஞ்சிருக்கும், ஒருக்காத் திறந்து தூரிகையால தட்டிப் பாருங்கோ, வன்னியில இது றாமை விடப் பெரிய விசயம்.

கன பேர் படம் இறுகினா டெஸ்க்டொப்பில வலது பக்கம் அமத்தி ரிஃப்ரெஷ் பத்துத் தரம் அடிக்கினம். அது ஐகனுகளைத் திரும்பக் கீறுறது மட்டும்தான், றாமில ஒரு துணிக்கையும் குறையாது. ஒரு இடத்தில புது மெசினுக்கு நாவூறு பட்டிட்டுது எண்டு தேசிக்காய் வெட்டினதையும் பாத்தன். நானும் ஏ9 ஆல போகேக்க முறிகண்டியில இறங்கிக் கும்பிட்டிட்டுத்தான் போறனான், அந்த நம்பிக்கைய நான் தொடேல்ல. ஆனா பைலுக்குள்ள இருக்கிற பிழைய பைலுக்குள்ளதான் தேடோணும், தேசிக்காய்க்குக் குடுக்கிற நேரத்தில ஒரு கோட்டைத் தொட்டு எண்ணைப் பாக்கலாம்.

இன்னொண்டு எனக்கு உண்மையாவே மனவருத்தம். அறிவியல் நகரில பொறியியல் பீடம் இருக்குது, அங்க படிக்கிற பிள்ளையளுக்கு இந்தக் கணக்கு தண்ணி பட்ட பாடு. பழைய வலையில இருந்து புது வலைக்கு மாத்துறதுக்கு, தூரப் பூச்சியத்தைக் கண்டுபிடிச்சு எச்சரிக்கிறதுக்கு தமிழில ஒரு சின்னக் கருவி செய்யச் சொல்லி ரெண்டு பிள்ளையளுக்கு ஆறு மாதக் காசு குடுத்தாக் காணும், வன்னியில இருக்கிற அத்தனை கீறல்காரருக்கும் பிரயோசனம். கட்டிடம் கட்டக் காசு வருது, இப்பிடியான சின்ன ஆராய்ச்சிக்கு வரக் காணேல்ல.

தம்பியின்ர பைலுக்கு வருவம். யூசிஎஸ்ஸை (கீறுறவர் தானே பூச்சியத்தை வைக்கிற ஆள்கூற்று முறை) மாத்தி காணி மூலையில பூச்சியம் வைச்சிருக்கிறார், "அப்பவும் நடுங்குது அண்ணை" எண்டார். நடுங்கும்தான், யூசிஎஸ் எங்களுக்குக் காட்டுற எண்ணை மட்டும்தான் மாத்துது, உள்ளுக்குள்ள சேமிச்சது அதே 763,000 தான். சேவையரின்ர படத்தைத் தொடாமல் அப்பிடியே ஒரு பக்கம் வைக்கச் சொன்னன், அதின்ர எண்களை வைச்சுத்தான் நாளைக்கு எல்லைக்கல் தேடுவினம். புதுப் பைல் ஒண்டு திறந்து, அதுக்குள்ள அந்தப் படத்தை எக்ஸ்றெஃப்பா (வெளிப் பைலை இணைச்சுக் காட்டுற முறை), கிழக்கில 459,000 உம் வடக்கில 763,000 உம் கழிச்சு இறக்கி, வீட்டைப் பூச்சியத்துக்குக் கிட்டக் கீறச் சொன்னன். பழைய வலைப் படம் வேற பைலுக்குப் போட்டுது. றாம் வாங்கேல்ல, பழைய 8 ஜிபிதான், பின்னேரம் வீடியோ ஒண்டு அனுப்பினவர், மௌஸோட படமும் சேந்து ஓடுது.

ஒண்டு மட்டும் விட்டிட்டார், அதைத் திரும்ப போன் எடுத்துச் சொன்னன். டைட்டில் புளொக்கில (படத்தின்ர விபரப் பெட்டி), வடக்கு அம்புக்குறிக்குக் கீழ, கொட்டை எழுத்தில: "கிழக்கோட 459,000 மீற்றர், வடக்கோட 763,000 மீற்றர் கூட்டினால் எஸ்எல்டி 99." இப்ப எழுதிட்டார்.